புத்தகத்தை முடித்தாளாம், விடைப்பக்கம் எங்கே?

செம்பனைமகள்:
"பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குச் சலிப்பு என்று சொல்கிற பெற்றோர் எல்லாரும் வீட்டில் பிள்ளையைக் கசக்கிப் பிழிகிறவர்கள்." பழைய வாத்தியார் நேற்று இங்கே எழுதியது. படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. எங்கள் வீட்டில் பிழிவதற்கு யாருக்கு நேரம் இருக்கிறது? நான் பேராக்கில் சுங்கை சிப்புட் டவுனில் கடை வேலை, வீட்டுக்காரர் செம்பனை லோரி ஓட்டுகிறார். மகள் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. ஆண்டிறுதி விடுமுறையில் கணிதப் பயிற்சி நூல் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். தைப்பூசத்துக்குள் கடைசிப் பயிற்சி வரை முடித்துவிட்டாள். வகுப்பில் பத்தாயிரம் வரைதான் எண்கள். "அதுக்கு மேல இல்லையா டீச்சர்?" என்று கேட்டாளாம். "அது நாலாம் ஆண்டுல வரும், உட்காரு" என்று பதில். சீக்கிரம் முடித்துவிட்டால் மற்றவர்களின் நோட்டுப் புத்தகங்களை அடுக்கும் வேலை. இதற்கு வழி கேட்டால் நான் பிழிகிறேனாம்!

பழைய வாத்தியார்:
தாயி, தோட்டப்பள்ளியிலேயே தலை நரைத்தவன் நான். கடையில் விற்கிற பயிற்சி நூல்களில் கடைசியில் விடை இருக்கும். அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டுத்தான் கொடுத்தீர்களா? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

கிராணி மகன்:
சார் கேட்பது நியாயம். என் அண்ணன் மகனும் இப்படித்தான் ஒரே வாரத்தில் ஒரு நூலை முடித்தான். வீடே கொண்டாடியது. பிறகு பார்த்தால் 'ஏற்புடைய விடைகள்' என்று அச்சில் இருந்ததையும் சேர்த்து எழுதி வைத்திருக்கிறான்.

செம்பனைமகள்:
கிழிக்கவில்லை. விடைப்பக்கங்களை மடித்து ஸ்டேப்ளர் அடித்து வைத்தேன். போதுமா?

பழைய வாத்தியார்:
ஸ்டேப்ளர்! அந்த ஊசியைக் கிளப்ப ஓர் அடிக்கோல் முனை போதும். இதை எல்லாம் நான் நிறையப் பார்த்தாயிற்று.

டீச்சரம்மா:
நான் வேறு பள்ளியில் மூன்றாம் ஆண்டு எடுக்கிறேன், அதனால் சொல்கிறேன். யுபிஎஸ்ஆர் என்கிற ஆறாம் ஆண்டுத் தேர்வு 2021இல் போய்விட்டது. மூன்றாம் ஆண்டில் எல்லாம் வகுப்பறை மதிப்பீடுதான். ஒன்று முதல் ஆறு வரை தேர்ச்சி நிலை. ஒரு பிள்ளை ஆறைத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் போட எனக்குக் கட்டமே கிடையாது. இரண்டில் நிற்கிற பிள்ளையைப் பற்றித்தான் மேலிடம் கேட்கும். கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாத பிள்ளை பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கும்போது கெட்டிக்காரப் பிள்ளை சன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கும் தெரியும். அதற்காக நோட்டு அடுக்கச் சொல்வது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த டீச்சரையும் கொஞ்சம் பாருங்கள்.

பழைய வாத்தியார்:
டீச்சர் சொன்னது சரி. ஆனால் கேள்வி அது இல்லை. விடைப்பக்கம் நூலிலேயே இருந்ததா இல்லையா? இருந்தது. அவரே ஒப்புக்கொண்டார்.

ஈப்போக்காரன்:
வாத்தியார் ஐயா, விடைப்பக்கத்தை விடுங்கள். அக்கா, என் காலத்தில் பிடிஎஸ் என்று ஒரு தேர்வு இருந்தது. 1996இல் கொண்டுவந்தார்கள். மூன்றாம் ஆண்டில் எழுதித் தேறினால் நேரே ஐந்தாம் ஆண்டு. நான் தாண்டினேன். இப்போது அந்த வழி இல்லை. பாங்கியில் யுகேஎம் என்கிற தேசியப் பல்கலைக்கழக வளாகத்திலேயே கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான ஜீனியஸ் பிந்தார் கல்லூரி இருக்கிறது, முன்பு பெர்மாத்தா பிந்தார் என்பார்கள். அவர்கள் யுகேஎம்1 என்று இணையத்தில் ஒரு தேர்வு வைக்கிறார்கள், அதில் தேறினால் யுகேஎம்2. அப்புறம் விடுமுறை முகாம். எழுத வைத்துப் பாருங்கள், செலவு பெரிதாக ஒன்றும் இல்லை.

பழைய வாத்தியார்:
தாண்டினாராம்! நான் பார்த்த தாண்டினவர்களில் பாதிப் பேர் ஐந்தாம் ஆண்டில் பின்னமும் தெரியாமல் தசமமும் தெரியாமல் முழித்தார்கள். நான்காம் ஆண்டுப் பாடத்தை மாலையில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தது யார்? நாங்கள்தான். ஒருத்தர் நன்றி சொன்னதில்லை.

ஈப்போக்காரன்:
நான் முழிக்கவில்லை ஐயா. இன்றைக்கு எஞ்சினியராக இருக்கிறேன்.

பழைய வாத்தியார்:
எஞ்சினியர் தம்பி, நீங்கள் படித்த காலத்திலும் நூலுக்குப் பின்னால் விடை இருந்தது.

லோரிக்கார அண்ணன்:
எதற்கு இவ்வளவு பேச்சு? சீனப்பள்ளிக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது. வீட்டுப்பாடம் செய்யவே இரவு பத்து மணி ஆகும், சலிப்புக்கு ஏது நேரம்?

கிராணி மகன்:
அண்ணே, உங்கள் பையன் அங்கே படித்துவிட்டு, இடைநிலைப்பள்ளி முதல் படிவத்துக்கு முன்னால் பெராலிஹான் என்கிற புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்தது ஊருக்கே தெரியும். எங்கள் பிள்ளைக்கு யோசனை சொல்ல வந்துவிட்டீர்கள்.

லோரிக்கார அண்ணன்:
மலாய் பாடத்தில் கொஞ்சம் குறைந்ததற்கு அவன் உட்கார்ந்தான், அவ்வளவுதான். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் கூரை போட வசூலித்த காசுக்குக் கணக்குக் காட்டாதவர்கள் பேசுகிற பேச்சா இது?

கிராணி மகன்:
கணக்கு நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தது. படிக்கத் தெரிந்தவர்கள் படித்தார்கள்.

செம்பனைமகள்:
ஐயா, அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்கள். என் மகளைப் பற்றித்தானே பேச்சு? தமிழ்ப்பள்ளியை விட்டுப் போகிற எண்ணம் எனக்கு இல்லை. நாங்களும் போய்விட்டால் அங்கே மிச்சம் இருப்பது எத்தனை பிள்ளைகள்? ஏற்கெனவே 150க்குக் கீழே போய்க் குறைந்த மாணவர் பள்ளி என்ற பட்டியலில் இருக்கிறது. நான் கேட்பது ஒன்றுதான். நோட்டு அடுக்குகிற அந்த நேரத்தில் நாலாம் ஆண்டுப் புத்தகத்தைக் கொடுத்து மூலையில் உட்கார வைக்கக் கூடாதா?

டீச்சரம்மா:
கொடுக்கலாம். நான் கொடுத்திருக்கிறேன். இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஓர் அறையில் வைத்து நடத்துகிற கூட்டு வகுப்புப் பள்ளிகளில் சின்னப் பிள்ளை பெரிய வகுப்புப் பாடத்தைக் காதில் வாங்கிக்கொண்டே இருக்கும். சிலது அப்படியே பிடித்துக்கொள்ளும். ஆனால் ஒன்று, அடுத்த ஆண்டு அதே பிள்ளை "இது தெரியும் டீச்சர்" என்று மறுபடியும் உட்கார்ந்திருக்கும். அப்போது அடுத்த டீச்சர் என்னைத் திட்டுவார்.

பழைய வாத்தியார்:
பார்த்தீர்களா, நான் சொன்னதைத்தான் டீச்சரும் சொல்கிறார். முன்னால் ஓட வைத்தால் பின்னால் சலிப்பு. யார் ஓட வைத்தது? நூல் வாங்கிக் கொடுத்தவர். அதிலும் விடையோடு வாங்கிக் கொடுத்தவர்.

டீச்சரம்மா:
நான் அப்படிச் சொல்லவே இல்லை சார்.

செம்பனைமகள்:
வாத்தியார் ஐயா, வருகிற ஞாயிறு மாரியம்மன் கோயில் மண்டபத்துக்கு வாருங்கள். நீங்களே கையால் எழுதிக் கணக்குக் கொண்டு வாருங்கள். அவள் உங்கள் எதிரில் உட்கார்ந்து போடட்டும்.

பழைய வாத்தியார்:
என்னைச் சோதிக்கிறீர்களா? என்னிடம் படித்தவர்கள் இன்றைக்குத் தலைமையாசிரியர்களாக இருக்கிறார்கள். கோயிலில் பரீட்சை வைக்கிற வயது எனக்குப் போய்விட்டது.

ஈப்போக்காரன்:
அப்படியென்றால் அந்தப் பிள்ளைக்குக் கணக்குத் தெரியும் என்று உங்களுக்குப் பயம்.

பழைய வாத்தியார்:
பயமா? பிடிஎஸ் தாண்டிய வாய் அப்படித்தான் பேசும். 

லோரிக்கார அண்ணன்:
ஞாயிறு மண்டபத்தில் கூடுவதாக இருந்தால் கூரைக் கணக்கையும் கொண்டு வரச் சொல்லுங்கள்.

கிராணி மகன்:
நீங்கள் முதலில் உங்கள் பங்கு ஐம்பது வெள்ளியைக் கட்டுங்கள் அண்ணே.

பழைய வாத்தியார்:
எல்லாரும் பேச்சை மாற்றுகிறீர்கள். தாயி, நான் கேட்டது அப்படியே நிற்கிறது. ஸ்டேப்ளர் ஊசி மொத்தம் எத்தனை அடித்தீர்கள்?