இ-பிசினஸுக்கும் இ-காமர்ஸுக்கும் ஒரே சொல் போதுமா?

ப. எழுதியது:

அன்புடையீர், புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கான பாடம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். டொமைன், வழங்கி, கட்டண நுழைவாயில் எல்லாம் ஓடிவிட்டன. நிற்பது முதல் பாடத்தின் இரண்டாம் வாக்கியத்தில்: 'இ-காமர்ஸ், இ-பிசினஸின் ஒரு பகுதி.' புழக்கத்தில் உள்ளபடி எழுதினால் 'மின்வணிகம், மின்வணிகத்தின் ஒரு பகுதி' என்று வருகிறது. மாணவர் சிரிப்பார்கள். இரண்டு சொல் தாருங்கள்.

க. எழுதியது:

முதலில் பொருள் தெளிவாகட்டும். வாங்குவதும் விற்பதும் இ-காமர்ஸ். அதோடு சரக்கிருப்பு, கொள்முதல், சம்பளக் கணக்கு, வாடிக்கையாளர் குறை கேட்பது எல்லாம் கணினி வழியே நடந்தால் இ-பிசினஸ். 1997-இல் ஐபிஎம் தன் விளம்பரங்களில் பரப்பிய சொல் அது. பொருள் விற்காத இணையத்தளமும் இ-பிசினஸில் அடங்கும். ஆகவே பெரியதற்கு மின்வணிகம், சிறியதற்கு இணைய விற்பனை.

செ. எழுதியது:

விற்பனை பாதிதான் ஐயா. வாங்குபவர் எங்கே போனார்? 'கொள்வதூஉம் மிகை கொளாது கொடுப்பதூஉம் குறை கொடாது' என்று பட்டினப்பாலை இரண்டையும் சேர்த்தல்லவா வைத்தது? மின்கொள்கொடை என்று சொல்லிப் பாருங்கள். தூய தமிழ், சுருக்கமும்கூட.

ந. எழுதியது:

கொள்வினை கொடுப்பினை என்றால் ஊரில் சம்பந்தம் பேசுகிறார்கள் என்று பொருள். மின்கொள்கொடை என்று பாடத்தில் போட்டால் திருமணத் தகவல் தளம் அமைக்கக் கற்றுக்கொடுப்பதாக நினைப்பார்கள்.

இணைய விற்பனையிலும் எனக்கு ஒரு இடறல். வலை வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே நிறுவனங்கள் இ.டி.ஐ. (மின்னணுத் தரவுப் பரிமாற்றம்) முறையில் கொள்முதல் ஆணைகளையும் விலைப்பட்டியல்களையும் கணினிக்குக் கணினி அனுப்பின. மைக்கேல் ஆல்டிரிச் 1979-இல் தொலைக்காட்சிப் பெட்டியைத் தொலைபேசிக் கம்பியில் இணைத்துப் பொருள் வாங்கும் வழியைக் காட்டினார். இதில் எங்கே இணையம்? வரலாற்றுப் பத்தி உள்ள பாடம் என்றால் 'இணைய' என்ற அடை உதவாது.

ப. எழுதியது:

வரலாற்றுப் பத்தி உண்டு. ஆக, 'மின்' நிற்கட்டும். செ. ஐயா, கொள்கொடையை விட்டுவிடுவோம். சிறியதற்கு மின்வணிகமே இருக்கட்டும், எல்லாருக்கும் பழகிவிட்டது. பெரியதற்கு மின்தொழில் சரியா?

செ. எழுதியது:

சரியில்லை. தொல்காப்பியப் புள்ளிமயங்கியலில் மின், பின், பன், கன் நான்கும் தொழிற்பெயர் போல உகரம் பெறும் என்று விதி இருக்கிறது. மின் + கடிது மின்னுக்கடிது. ஆகவே மின்னுத்தொழில். அது போகட்டும், 'வணிகம்' நம் சொல்தானா என்பதே வழக்கில் இருக்கிறது. வடமொழி வணிஜ் முந்தியதா, நம் வாணிகம் முந்தியதா? குறள் 120-இல் வாணிகம் இருக்கிறது. வாணிபம் என்று எழுதுகிறவர்களைப் பற்றி இன்று பேசவில்லை, இரத்த அழுத்தம்.

வி. எழுதியது:

மின்னுவிசிறி, மின்னுவிளக்கு, மின்னுவெட்டு. போதுமா?

என் சிக்கல் இலக்கணம் இல்லை. மின்தொழில் என்றதும் வயரிங் வேலைதான் நினைவுக்கு வருகிறது. மின்தொழிலாளி யார் என்று தெருவில் கேட்டுப் பாருங்கள், யாரும் ஆன்லைன் வியாபாரியைக் காட்டமாட்டார்கள். இ-பிசினஸ் என்றே தமிழெழுத்தில் போட்டுவிடலாம். கற்க வருகிறவருக்குத் தளம் வேண்டும், நிகண்டு வேண்டாம்.

செ. எழுதியது:

இப்படியே போனால் தமிழில் மிஞ்சுவது வேற்றுமை உருபு மட்டும்தான்.

ப. எழுதியது:

சண்டைக்கு நடுவே இன்னொன்று. மாதிரித் தளத்தின் பொத்தான்களுக்கும் சொல் வேண்டும். 'பை நவ்' பொத்தானுக்கு 'வாங்க' என்று போட்டேன். சோதித்துப் பார்த்த ஒருவர் வரவேற்புப் பக்கம் என்று நினைத்துவிட்டார்.

ந. எழுதியது:

'வாங்கு' என்றால் அதட்டுவது போல் இருக்கும், 'வாங்குக' என்றால் அரசாணை. 'வாங்குகிறேன்' என்று போடுங்கள். பொத்தானை அழுத்துகிறவர் குரலாக அமையும்.

செக்அவுட்டுக்குப் 'பணம் செலுத்து' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். அந்த இடத்தில் இன்னும் முகவரியே கேட்கவில்லை. பொருள் வந்த பிறகு பணம் தருகிறவரும் உண்டு. 'வாங்கி முடிக்க' பொருந்தும். கார்ட் கூடையாகவே இருக்கட்டும்.

க. எழுதியது:

கூடை என்றதும் நினைவு வருகிறது. குக்கி, அதாவது தளம் நம் உலாவியில் எழுதிவைக்கும் சிறு குறிப்பு, பிறந்ததே கூடைக்காகத்தான். 1994-இல் நெட்ஸ்கேப் என்ற உலாவி நிறுவனத்தில் லூ மொன்டுல்லி அதை உருவாக்கினார். வலைப்பக்கங்களை அனுப்பும் எச்.டி.டி.பி. நெறிமுறைக்கு முந்தைய பக்கத்தின் நினைவு கிடையாது. அடுத்த பக்கம் போனதும், கூடையில் போட்டவர் யார் என்றே தளத்துக்குத் தெரியாது. குக்கியை 'நினைவி' என்றால் அதன் வேலை பெயரிலேயே தெரியும். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

மின்தொழில் விஷயத்தில் வி. சொல்வது நியாயம். ஒரே ஒரு சொல்லைச் செருகினால் எலக்ட்ரீஷியன் வெளியே போய்விடுவார்: மின்வழித் தொழில். மின்சாரத்தைப் பற்றிய தொழில் இல்லை, மின் வழியே நடக்கிற தொழில்.

ந. எழுதியது:

நீளம்தான். இருந்தாலும் அந்த வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: 'மின்வணிகம், மின்வழித் தொழிலின் ஒரு பகுதி.' படித்ததும் எது பெரியது, எது சிறியது என்று புரிகிறது. என் வாக்கு இதற்கு.

ப. எழுதியது:

நன்றி. மின்வணிகம், மின்வழித் தொழில் என்றே அனுப்புகிறேன். முதல் முறை வரும்போது மட்டும் பக்கத்தில் இ-பிசினஸ் என்றும் தமிழெழுத்தில் இருக்கும். வி.க்கு அது ஆறுதல். பொத்தான்கள் ந. சொன்னபடி.

வி. எழுதியது:

ஆறுதல் இல்லை. இரண்டாம் முறை வரும்போது மாணவர் மறுபடி முதல் பக்கத்துக்கு ஓடுவார். என் மறுப்பு அப்படியே இருக்கிறது.

செ. எழுதியது:

ஒற்று மிகுந்திருப்பதால் மின்வழித் தொழிலை அரைமனதோடு ஏற்கிறேன். அப்புறம், பாடத்தில் 'கன்வெர்ஷன் ரேட்' வருமே, அதற்கு மாற்று விகிதம் என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? அது நாணயத்துக்கு உரியது. தளத்துக்கு வந்தவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதல்லவா கணக்கு? இதற்கு ஒரு நல்ல வேர்ச்சொல் வைத்திருக்கிறேன், இரவு விரிவாக எழுதுகிறேன்.

ப. எழுதியது:

ஐயா, வெள்ளிக்கிழமை நாளைக்குத்தான். வாங்குவோர் விகிதம் என்று போட்டு அனுப்பிவிட்டேன்.