ஜெர்மனில் 'யாரோ', 'யாரும்', 'எதுவும்': எங்கே தவறுகிறேன்?

கேள்வி:
வணக்கம். ஜெர்மன் மொழியின் தொடக்க நிலைப் பாடங்களை முடித்துவிட்டு, ஆளையோ பொருளையோ குறிப்பிட்டுச் சுட்டாத பிரதிப்பெயர்களைப் படித்து வருகிறேன். 'யாரும் வரவில்லை' என்பதை 'நீமன்ட் கொம்ட் நிஷ்ட்' என்று எழுதினேன். ஆசிரியர் கடைசிச் சொல்லை மட்டும் சிவப்பு மையால் வட்டமிட்டு அடித்துவிட்டார். வரவில்லை என்று சொல்ல 'நிஷ்ட்' வேண்டாமா? 'மன்' என்ற சொல்லுக்குத் தமிழில் எதை வைத்துக்கொள்வது என்பதும் எனக்குப் பிடிபடவில்லை.

பதில் 1:
உங்கள் தவறு தமிழிலிருந்து வந்தது. நாம் 'யாரும் வரவில்லை' என்று சொல்லும்போது மறுப்பு முழுவதும் வினையில்தான் இருக்கிறது. 'யாரும் வரலாம்' என்று சொல்லிப் பார்த்தால், 'யாரும்' என்ற சொல்லுக்குத் தனியே மறுப்புப் பொருள் கிடையாது என்பது உடனே விளங்கும். ஜெர்மனில் மறுப்பு 'நீமன்ட்' என்ற சொல்லுக்குள்ளேயே அடங்கிவிடுவதால், வினை உடன்பாடாகவே நிற்க வேண்டும். எனவே 'நீமன்ட் கொம்ட்' என்பதோடு வாக்கியம் முடிந்துவிட்டது. 'எனக்கு எதுவும் தெரியாது' என்பதும் அப்படித்தான்: 'இஷ் வைஸ் நிஷ்ட்ஸ்'. இங்கே 'நிஷ்ட்ஸ்' என்பது 'எதுவும் இல்லை' என்ற பொருளுடைய வேறு சொல். இறுதி 'ஸ்' ஒலியை விழுங்கிவிட்டால் அது வெறும் 'நிஷ்ட்' ஆகிவிடும் என்பதால் அழுத்தி உச்சரியுங்கள்.

'யாரோ', 'யாராவது' என்று நாம் பிரித்துச் சொல்லும் இரண்டிற்கும் பெரும்பாலும் 'யேமன்ட்' ஒன்றே போதும். யாராக இருந்தாலும் சரி என்பதை வலியுறுத்த விரும்பினால் முன்னே 'இர்கென்ட்' சேர்த்துக்கொள்ளலாம்.

பதில் 2:
'மன்' என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடுவதுதான் சிக்கலே. எழுவாய் இல்லாமல் நாம் பேசும் இடங்களைக் கவனியுங்கள். 'இதை ஜெர்மனில் எப்படிச் சொல்வது?' என்று கேட்கிறோமே, யார் சொல்வது என்று அங்கே குறிப்பிடுவதில்லை. அதுவே 'வீ ஸாக்ட் மன் டஸ் அவுஃப் டாய்ச்?' ஆகிறது. 'இங்கே புகைபிடிக்கக் கூடாது' என்ற அறிவிப்பும் அதே வகை: 'ஹீர் டார்ஃப் மன் நிஷ்ட் ரவ்ஹென்.' இரண்டையும் பலமுறை வாய்விட்டுச் சொல்லிப் பழகினால், இலக்கண விளக்கம் தராத தெளிவை அவை தரும் என்பது என் அனுபவம்.

ஒரு வாக்கியத்தை 'மன்' என்று தொடங்கினால், அடுத்த பகுதியிலும் அதே 'மன்' வர வேண்டும்; 'ஏர்' என்று மாற்றினால் அது குறிப்பிட்ட ஓர் ஆணைச் சுட்டிவிடும். மேலும், 'மன்' எழுவாயாக மட்டுமே வரும். செயப்படுபொருளாக 'ஐனென்', நான்காம் வேற்றுமைப் பொருளில் 'ஐனெம்' என்று மாறிவிடும். ஆண் என்ற பொருளுடைய பெயர்ச்சொல்லுக்கும் இதே உச்சரிப்புத்தான். ஆனால் அது பெரிய எழுத்தில் தொடங்கும், இறுதியில் இரண்டு 'ன்' எழுத்துகளும் உண்டு.

பதில் 3:
'ஏதோ', 'ஏதாவது' என்ற பொருளுடைய 'எட்வஸ்' பேச்சில் 'வஸ்' என்று சுருங்குவதை அடிக்கடி கேட்பீர்கள். 'என்ன' என்பதற்கும் 'வஸ்' என்ற சொல்லே வருவதால், 'என்ன' என்று கேட்பதாக எண்ணிக் குழம்ப வேண்டாம். வினாவா இல்லையா என்பதை வாக்கியத்தின் அமைப்பு காட்டிவிடும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் 'நான் யாரையும் பார்க்கவில்லை' என்பது 'இஷ் ஹாபெ நீமன்ட் கெஸேயென்' என்றாகுமா?

பதில் 1:
'நிஷ்ட்' சேர்க்காமல் சரியாக எழுதிவிட்டீர்கள். பேச்சில் இப்படியே சொல்பவர்களும் உண்டு. ஆனால் 'யாரையும்' என்பதில் 'ஐ' உருபு இருப்பதைப் போல ஜெர்மனிலும் 'என்' விகுதி சேர்த்து 'நீமன்டென்' என்று எழுதுவதே தேர்வுக்கு நல்லது.