கிழக்குக் கடலில் அந்தி வருமா?

உப்புவெளியான்: நேற்று இந்தக் குழுவில் 'ஏழுகிணறு' எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "உலகத்தை நான் கட்டுகிறேன், படம் வரைவது கூலிவேலை, அதை ஏஐ செய்யட்டும்" என்கிறார். அந்தக் கூலிவேலையின் இலட்சணம் அவருடைய மாயக்கதை நாவலின் அட்டையில் தெரிகிறது. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: சுவாமி மலை, உச்சியில் கோயில், கீழே நாலு பேர் கரைவலை இழுக்கிறார்கள், பின்னால் திறந்த கடலில் செக்கச்செவேலென்று சூரியன் இறங்குகிறது. திருகோணமலையில்! அந்தக் கடலில் சூரியன் ஏறித்தான் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

ஏழுகிணறு: அது திருகோணமலை இல்லை, ஏழ்சுனை நாடு. கன்னியா வெந்நீர்க் கிணறுகளிலிருந்து பிறந்தது. ஏழு கிணற்றிலும் சூடு ஒரே அளவு இல்லை அல்லவா, அதை வைத்து ஏழு குலம் அமைத்தேன். இராவணன் தாய்க்குக் கடன் கழிக்க நிலத்தைக் குத்தி வெந்நீர் வரவைத்தான் என்ற கதையைத் திருப்பிப் போட்டு, இறந்தவர்கள்தான் கீழே இருந்து தண்ணீரைச் சூடாக்குகிறார்கள் என்று வைத்தேன். 1956இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் சுவாமி மலையடியில் கடலுக்குள் பழைய கோயிலின் தூண்களைக் கண்டார்களே, என் நாட்டில் அந்தத் தூண்கள்தான் நூலகம். முத்துக்குளிப்பவர்கள் மூச்சடக்கிப் போய் ஒரு வரி படித்துவிட்டு மேலே வருவார்கள். மூன்று வருட உழைப்பு. நீங்கள் சூரியனைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

உப்புவெளியான்: மலை எங்கள் மலை, கிணறு எங்கள் கிணறு, தூணும் எங்கள் தூண். சூரியன் மட்டும் கற்பனையோ?

நடுவிலான்: முதலில் 'உலகம் கட்டுவது' என்றால் என்ன என்று ஒரு முடிவுக்கு வந்துவிட்டுப் பேசலாமே.

உப்புவெளியான்: சூரியன் கிழக்கே உதிக்கும். அதுதான் முடிவு.

வர்ணப்பெட்டி: நான் வரைகிறவன், அதனால் சொல்கிறேன். ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படம் போடும் ஏஐயைப் பழக்கியது லயன்-5பி என்ற தொகுப்பிலிருந்து. 585 கோடிப் பட இணைப்புகள். வரைந்தவன் ஒருவனிடமும் கேட்கவில்லை. கடலும் சூரியனும் என்றால் அதற்குத் தெரிந்தது உல்லாசப் பயணி எடுத்த மாலைப்படம்தான் போல. உங்கள் அட்டையைப் பெரிதாக்கிப் பாருங்கள்: வலைக்கயிறு ஒருவனின் விலாவிலிருந்து முளைத்து, அடுத்தவன் கையில் துடுப்பாகிவிடுகிறது. இன்னொன்று. மிட்ஜேர்னி என்ற இன்னொரு ஏஐயில் செய்த படக்கதை ஒன்றுக்கு 2023இல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் எழுத்துக்கும் அடுக்கிய விதத்துக்கும் உரிமை கொடுத்தது, படங்களுக்குக் கொடுக்கவில்லை. அந்தச் சட்டப்படி உங்கள் அட்டையை எவனும் எடுத்துத் தேத்தண்ணிக் கடைப் பலகையில் போடலாம்.

ஏழுகிணறு: வர்ணப்பெட்டி அண்ணை பேசுவார் என்று எதிர்பார்த்தேன். போன வருடம் இதே அட்டைக்கு முற்பணம் வாங்கினீர்கள். எட்டு மாதம் கழித்து வந்தது ஒரு மான், அதுவும் பென்சிலில்.

வர்ணப்பெட்டி: பதினொரு தரம் மாற்றச் சொன்னது யார்? நம் ஊர்க் கோட்டைக்குள் மேய்கிற புள்ளிமான் மாதிரி வேண்டும் என்றீர்கள். பிறகு கொம்பு வேண்டாம், பிறகு கொம்பில் விளக்கு. இயந்திரத்துக்கு அலுப்பு வராது, எனக்கு வரும்.

உப்புவெளியான்: மானை விடுங்கள். சூரியன்?

தமிழ்க்காவலன்: எல்லோரும் 'திருகோணமலை' என்றே எழுதுகிறீர்கள். 'திருக்கோணமலை' என்று ஒற்று வர வேண்டும். இது தெரியாதவர்கள் நாவல் வேறு எழுதுகிறார்கள்.

இன்னர்ஹாபர்: பெயர்ப்பலகையில் ஒற்று இல்லை ஐயா. சம்பந்தர் 'கோணமாமலை' என்று பாடிவிட்டுப் போய்விட்டார், அவரிடமும் சண்டை பிடியுங்கள். சூரியன் விஷயத்தில் உப்புவெளியானும் முழுக்கச் சரி இல்லை. பின்னேரம் ஆறு மணிக்கு உட்துறைமுக வீதியில் வந்து நில்லுங்கள். மேற்கே சீனக்குடாப் பக்கம் சூரியன் சாய, துறைமுகத் தண்ணீர் முழுக்கச் சிவக்கும்.

உப்புவெளியான்: அது துறைமுகம் தம்பி. அங்கே சூரியன் இறங்குவது அக்கரைக்குப் பின்னால். படத்தில் இருப்பது திறந்த கடல். திறந்த கடல்!

ஏழுகிணறு: சரி, அது உதயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் 'அஸ்தமனம்' என்று எங்கே எழுதியிருக்கிறது?

உப்புவெளியான்: புத்தகத்தின் பெயரே 'அந்திப் போர்'!

ஏழுகிணறு: அந்தி என்றால் பின்னேரம் மட்டும் என்று யார் சொன்னது? புறநானூற்றிலேயே 'காலை அந்தியும் மாலை அந்தியும்' என்று வருகிறது.

தமிழ்க்காவலன்: வருகிறது, 34ஆம் பாட்டு. ஆனால் ஒற்றுப் பற்றி நான் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.

உப்புவெளியான்: போன மாதம் இதே படத்தைப் போட்டு "எங்கள் ஊர்ச் சூரியன் மறையும் அழகு" என்று எழுதியது யார்? படம்பிடித்து வைத்திருக்கிறேன். வேண்டுமென்றால் போடுகிறேன். என் அப்பா நாற்பது வருடம் கரைவலை இழுத்தவர். விடியப்புறம் முதுகைக் கரைக்குக் கொடுத்து, பின்பக்கமாக நடந்து நடந்து இழுக்கும்போது முகத்தில் அடிக்கிற வெயில் அந்தச் சூரியனுடையது. கண் கூசும், கையை விட்டுக் கண்ணை மறைக்க ஏலாது. ஏஐயின் நாலு பேரும் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிரிக்கிறார்கள். அதைத்தான் கூலிவேலை என்கிறீர்களா?

நடுவிலான்: இது நல்ல பதிவு. இதை வைத்தே கேட்கிறேன், கற்பனை உலகத்தில் அனுபவத்தின் இடம்...

வர்ணப்பெட்டி: முற்பணத்தைப் போன பொங்கலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதையும் எழுதுங்கள் ஏழுகிணறு.

ஏழுகிணறு: பாதி.

இன்னர்ஹாபர்: உட்துறைமுகத்துக்கு யாராவது வருகிறீர்களா, இல்லையா?

ஏழுகிணறு: போதும். சூரியனை எடுத்துவிட்டேன். புதுப் படம் போட்டிருக்கிறேன், கறுத்த வானம், மாரிமழை, அலை. இனி ஒருவரும் வாய் திறக்க முடியாது.

உப்புவெளியான்: பார்த்தேன். அந்த நாலு பேரும் இன்னும் நிற்கிறார்கள். மாரிக்கடலில் எவன் ஐயா கரைவலை வளைப்பான்?