டச்-அப்புக்கு எப்போது வரச் சொல்வது, எதுவரை செய்து கொடுப்பது?

வில்புருவம் (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். புருவத்துக்கு மைக்ரோபிளேடிங் (நுண்ணிய பிளேடால் ரோமம் போலக் கோடு கீறி நிறம் ஏற்றுவது), பவுடர் புரோ (மெஷின் ஊசியால் பவுடர் பூசியது போல நிறம் ஏற்றுவது) இரண்டும் செய்கிறேன். தனியாகச் செய்ய ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. முதல் சிட்டிங் நன்றாகத்தான் போகிறது, அது ஆறியபின் நிறம் நிற்காத இடத்தில் மறுபடி போட்டுச் சரிசெய்யும் டச்-அப்பில்தான் ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறேன்.

பத்துப் பன்னிரண்டு நாளிலேயே "கலரே இல்லை, எல்லாம் போய்விட்டது, நாளைக்கே வரட்டுமா" என்று போன் வந்துவிடுகிறது. இன்னொரு பக்கம், தேதி கொடுத்தும் வராமல் ஏழு எட்டு மாதம் கழித்து வந்து "அந்த டச்-அப் பாக்கி இருக்கிறதே" என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். ஏற்கெனவே சேர்த்துப் பணம் வாங்கிவிட்டதால் இல்லை என்று சொல்ல வாய் வருவதில்லை.

போன மாதம் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒருவர் தினமும் போட்டோ அனுப்பிக்கொண்டே இருந்தார், வீட்டு விசேஷம் வேறு வருகிறது என்றார். நானும் மனம் இளகி மூன்றாவது வாரமே வரச் சொல்லி, இரண்டு புருவத்தையும் முழுக்க மறுபடி கீறிவிட்டேன். தோல் அப்போதே லேசாக மினுமினுப்பாக இருந்தது, அதைப் பார்த்தும் கையை எடுக்காதது என் தப்பு. இப்போது ஆறியபின் வலது புருவத்தின் முன்பக்கம் ரோமக் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து சாம்பல் நிறத்தில் ஒரு திட்டாக நிற்கிறது. அவர் கோபப்படவில்லை, "இன்னொரு டச்-அப்பில் சரியாகிவிடும் இல்லையா" என்று நம்பிக்கையோடு கேட்கிறார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

அவருக்கு என்ன செய்வது? பொதுவாக நீங்களெல்லாம் டச்-அப்பை எப்படி ஒழுங்கு செய்கிறீர்கள்?

---

ஊசிமுனை:

முதலில் அந்த வலது புருவம். அதன்மேல் இப்போது ஒரு துளி பிக்மென்ட்கூட (தோலில் ஏற்றும் நிறமி) போடாதீர்கள். மூன்றாவது வாரத்தில் மேல்தோல் மூடியிருக்கும், ஆனால் அடியில் இருப்பது இன்னும் தன்னைத் தைத்துக்கொண்டிருக்கும். அந்த மினுமினுப்பே அதற்கு அடையாளம். அப்படிப்பட்ட தோலில் பிளேடு எதிர்பார்த்ததைவிட ஆழமாக இறங்கிவிடும், ஆழத்தில் போன பிக்மென்ட் விரிந்து கலங்கி சாம்பலாகத் தெரியும். மேலும் நிறம் சேர்த்தால் திட்டு பெரிதாகுமே தவிர கோடு திரும்பாது. கடைசியாகக் கை வைத்த நாளிலிருந்து குறைந்தது எட்டு வாரம் விடுங்கள், அப்புறம் நேரில் பார்த்து, தேவைப்பட்டால் உப்புக் கரைசலில் கொஞ்சம் வெளுக்க வைக்கலாமா, லேசருக்கு அனுப்பலாமா என்று முடிவெடுங்கள். லேசர் என்றால் தோல் மருத்துவர்தான். நீங்கள் போட்ட பிக்மென்டில் டைட்டானியம் டை ஆக்ஸைடு கலந்திருக்கிறதா என்று பாட்டிலைப் பார்த்து அவரிடம் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள், ஏனென்றால் அது கலந்த நிறம் லேசர் பட்டதும் வெளுப்பதற்குப் பதிலாகக் கறுத்துவிடக்கூடும்.

அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். "சீக்கிரம் செய்தது என் தவறு, இப்போது காத்திருப்பதுதான் வைத்தியம்" என்று நேராகச் சொன்னால் பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்கிறார்கள். என் அனுபவத்தில் மறைத்தபோதுதான் உறவு முறிந்திருக்கிறது.

இப்போது அந்தப் பன்னிரண்டாம் நாள் போன். அந்தச் சமயத்தில் நிறம் காணாமல் போவது இயல்பு. பொருக்கு உதிர்ந்ததும் அடியில் வருகிற புதுத் தோல் கொஞ்ச நாள் மங்கலான பால் கண்ணாடி மாதிரி இருக்கும், பிக்மென்ட் அதற்குக் கீழே இருப்பதால் வெளிறித் தெரியும். தோல் தெளியத் தெளிய நிறம் மேலே வரும். மேல்தோல் ஒரு சுற்று புதுப்பித்துக்கொள்ள இளம் வயதில் ஏறக்குறைய 28 நாள், வயது கூடக் கூட இன்னும் அதிகம். அதனால்தான் நான் யாருக்கும் ஆறு வாரத்துக்கு முன் தேதி கொடுப்பதில்லை, ஐம்பது தாண்டியவர்களுக்கு எட்டு வாரம்.

இதை அவர் போன் செய்யும் அன்று சொன்னால் எடுபடாது. முதல் சிட்டிங் முடிந்து, முகம் பார்க்கக் கண்ணாடி கொடுக்கும்போதே நான் இன்னொன்றும் காட்டுவேன்: ஒரே புருவத்தின் முதல் நாள், ஐந்தாம் நாள், பன்னிரண்டாம் நாள், நாற்பத்தைந்தாம் நாள் போட்டோக்கள், அந்த வாடிக்கையாளரின் அனுமதியோடு வைத்திருப்பது. பன்னிரண்டாம் நாள் படத்தில் விரலை வைத்து "இந்த நாளில் நீங்கள் எனக்கு போன் செய்வீர்கள்" என்பேன். சிரிப்பார்கள். ஆனால் அந்த நாள் வரும்போது அந்தப் படம் ஞாபகத்துக்கு வந்துவிடும். நானும் பத்தாம் நாளே "இப்போது மங்கலாக இருக்கும், இதற்காகத்தான் படம் காட்டினேன்" என்று ஒரு வரி அனுப்பிவிடுவேன். அவர் கேட்பதற்கு முன்னால் நாம் சொல்லிவிட வேண்டும்.

டச்-அப் தேதியை அவர் படுக்கையை விட்டு எழும் முன்பே குறித்துவிடுங்கள். "அப்புறம் சொல்கிறேன்" என்று போனவர்கள்தான் எட்டு மாதம் கழித்து வருகிறார்கள். என் கணக்கில் ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை வருவது டச்-அப், அது முதல் கட்டணத்திலேயே அடக்கம். அதைத் தாண்டினால் அதன் பெயர் 'கலர் ரிஃப்ரெஷ்', அதற்குத் தனிக் கட்டணம். இரண்டையும் ஒரே பெயரில் சொல்லாதீர்கள், பாதிச் சண்டை அந்தப் பெயரால்தான் வருகிறது. படிவத்தில் தேதியாகவே எழுதுங்கள், 'மூன்று மாதத்துக்குள்' என்று எழுதினால் எப்போதிலிருந்து மூன்று மாதம் என்று அடுத்த கேள்வி வரும். உடம்பு சரியில்லை, வீட்டில் துக்கம் என்றால் நான் நாள் தள்ளிக் கொடுக்கிறேன். ஆனால் அவர்கள் அந்தத் தேதிக்குள் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

---

மைக்கோல்:

மேலே சொன்னது அத்தனையும் சரி. டச்-அப் அன்று அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது என்பதைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் நிறையப் பேர் அதை முதல் சிட்டிங்கின் சின்னப் பதிப்பாக நினைத்து எல்லாவற்றையும் மறுபடி போடுகிறார்கள்.

புருவத்தில் பென்சில் இல்லாமல் வரச் சொல்லுங்கள். சொன்னாலும் பலர் வரைந்துகொண்டுதான் வருவார்கள், ஆறு வாரப் பழக்கம். துடைத்ததும் உடனே முடிவெடுக்காதீர்கள், தேய்த்த சிவப்பு அடங்க பத்து நிமிடமாவது விடுங்கள். நான் அந்த நேரத்தில் அவரை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, முதல் நாள் போட்டோவையும் இப்போதைய முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்ப்பேன். போன வாரம் ஒருவருக்கு இடது புருவம் அப்படியே நிற்கிறது, வலது புருவத்தின் வால், அதாவது வெளி நுனி, மட்டும் கரைந்து போயிருக்கிறது. எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குவீர்கள் என்று கேட்டேன், வலது பக்கம் என்றார். அவ்வளவுதான் விஷயம். வாலில் மட்டும் போட்டு, பத்து நாளாவது மல்லாந்து படுக்கச் சொல்லி அனுப்பினேன். காரணம் கேட்காமல் போட்டிருந்தால் அதே வால் மறுபடி கரைந்திருக்கும்.

நிறம் எங்கெங்கு நிற்கவில்லையோ அங்கெல்லாம் ஏன் என்று கேட்க வேண்டும். எண்ணெய்ச் சருமமா? ரெட்டினால், ஆசிட் கலந்த கிரீம் நெற்றியில் தடவி அது புருவத்துக்கு இறங்குகிறதா? பொருக்கைப் பிய்த்தாரா? வெயிலில் வேலையா? எண்ணெய்ச் சருமத்தில் கோடுகள் ஏற்கெனவே விரிய ஆரம்பித்திருந்தால் அதன்மேல் மறுபடி கோடு கீறுவதில் பலனில்லை. அந்த இடத்தில் மெஷினை எடுத்து லேசாக ஷேடிங் கொடுத்துவிடுவது நல்லது. வாடிக்கையாளர் மைக்ரோபிளேடிங்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாலும் அவருடைய சருமம் அதை ஏற்கவில்லை என்று எடுத்துச் சொல்வது நம் கடமை.

இதற்கெல்லாம் குறிப்பு அட்டை இருந்தால்தான் முடியும். எந்த பிக்மென்ட், எந்த பேட்ச் (தயாரிப்புத் தொகுதி), எதோடு எத்தனை துளி கலந்தீர்கள், எந்த ஊசி, எத்தனை பாஸ் (ஒரே இடத்தில் எத்தனை முறை போனீர்கள்), எங்கே ரத்தம் கசிந்தது, எல்லாம் அன்றே எழுதுங்கள். நிறம் சிவந்து ஆறியிருக்கிறதா, சாம்பலாக ஆறியிருக்கிறதா என்பதை வைத்துத்தான் இரண்டாவது கலவையை முடிவு செய்ய வேண்டும். முதலில் போட்டது என்னவென்றே தெரியாமல் எதைத் திருத்துவது? இரும்பு ஆக்ஸைடு அதிகமுள்ள பிக்மென்ட் நாளாக ஆகச் செம்மை காட்டும், கார்பன் அதிகமானால் சாம்பல், நீலம் பக்கம் போகும். சாம்பலுக்குக் கொஞ்சம் ஆரஞ்சு, செம்மைக்குக் கொஞ்சம் ஆலிவ் என்று சரிக்கட்டலாம், ஆனால் ஏற்கெனவே பிக்மென்ட் நிறைந்துபோன தோலில் அதுவும் வேண்டாம்.

அப்புறம், உடல்நலக் கேள்விகளை மறுபடி கேளுங்கள். முதல் சிட்டிங்கில் 'இல்லை' என்று எழுதியவர் ஆறு வாரத்தில் கர்ப்பமாகியிருக்கலாம், பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் ஆரம்பித்திருக்கலாம், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கலாம். போன முறை எழுதியதே போதும் என்று விட்டுவிடாதீர்கள். புதுப் படிவம், புதுக் கையெழுத்து.

எதுவும் தேவையில்லை என்று தோன்றினால் எதுவும் செய்யாமல் அனுப்பவும் தெரிய வேண்டும். பணம் கொடுத்திருக்கிறேன், ஏதாவது போடுங்கள் என்பார்கள். நன்றாக ஆறிய புருவத்தில் வெறுமனே இன்னொரு அடுக்கு போட்டால், இரண்டு வருடம் கழித்து ரிஃப்ரெஷ் செய்ய இடமில்லாமல் போய்விடும். அதை நான் படம் வரைந்தே விளக்குகிறேன்.

---

செவ்விதழ்:

நான் அதிகம் செய்வது லிப் பிளஷ், அதாவது உதட்டில் ஊசியால் நிறம் ஏற்றுவது, அதைப் பற்றிக் கொஞ்சம். உதட்டில் செதில் நாலைந்து நாளிலேயே உதிர்ந்துவிடும், அதனால் ஆறிவிட்டது என்று அவர்களும் நினைப்பார்கள், நாமும் ஏமாறுவோம். உண்மையான நிறம் தெரிய புருவத்தைவிட அதிக நாள் ஆகும். நான் எட்டு வாரத்துக்கு முன் தொடுவதே இல்லை.

முதல் சிட்டிங் முடிந்து வாயோரம் கொப்புளம் வந்ததா என்று கட்டாயம் கேளுங்கள். அதை உண்டாக்கும் ஹெர்பெஸ் வைரஸ் உடம்பில் அடங்கியிருந்து, ஊசி பட்டால் கிளம்பி வரலாம். அப்படி வந்தவரிடம் டச்-அப்புக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து மாத்திரை எழுதி வாங்கிவரச் சொல்லுகிறேன், மருந்துப் பெயரை நானாகச் சொல்வதில்லை. கொப்புளம் வந்த இடத்தில்தான் நிறம் திட்டுத் திட்டாகப் போயிருக்கும், அதை நம் கைக் குறை என்று நினைத்து அழுத்திப் போட்டுவிடக் கூடாது.

கருத்த உதடு என்றால் 'ஒரு சிட்டிங், ஒரு டச்-அப்' என்ற கணக்கே பொருந்தாது. முதலில் ஆரஞ்சு சார்ந்த நிறத்தில் கருமையைச் சமன் செய்து, ஆறவிட்டு, அதன் பிறகுதான் அவர் கேட்ட ரோஸ் நிறம். இரண்டாவது வருகையை டச்-அப் என்று சொல்லாமல் ஆரம்பத்திலேயே மூன்று சிட்டிங் என்று பேசிவிடுங்கள். பாதி வழியில் வந்து "இதுவா நான் கேட்ட நிறம்" என்று ஒருவர் கண் கலங்கியதைப் பார்த்த பிறகு நான் மாற்றிக்கொண்டது இது.

---

நிழல்வரி:

ஒன்றில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. டச்-அப்பை முதல் கட்டணத்தில் அடக்க வேண்டாம். அடக்கினால் அது அவர்களுக்குப் பாக்கியாகத் தெரிகிறது, தேவை இல்லாவிட்டாலும் வசூலிக்க வருகிறார்கள். நான் ஆறு வாரத்தில் கட்டணமில்லாமல் ஒரு பார்வை நேரம் கொடுக்கிறேன், பதினைந்து நிமிடம், போட்டோ எடுப்பதற்கு மட்டும். தேவை இருந்தால்தான் டச்-அப், அதற்குச் சிறு தொகை தனியாக. வராமல் போனால் முன்பணம் போய்விடும் என்பதும் எழுத்தில் இருக்கிறது.

இன்னொன்று, வேறொருவர் செய்த புருவத்துக்கு டச்-அப் கேட்டு வந்தால் அந்தச் சொல்லையே ஏற்காதீர்கள். அவர் என்ன போட்டார், எவ்வளவு ஆழம் போனார், எதுவும் நமக்குத் தெரியாது. அது திருத்த வேலை, புது ஆலோசனை, புது அளவெடுப்பு என்று புதிதாகத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

---

வில்புருவம்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று இரவே அந்த வாடிக்கையாளரிடம் பேசிவிட்டேன். ஊசிமுனை அக்கா சொன்ன மாதிரி, சீக்கிரம் செய்தது என் தவறு என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு "நான்தானே அவசரப்படுத்தினேன்" என்றார். அது அவர் பெருந்தன்மை, முடியாது என்று சொல்ல வேண்டியது நான்தான். எட்டு வாரம் முடியும் தேதியில் போட்டோ எடுக்க மட்டும் வரச் சொல்லியிருக்கிறேன். விசேஷத்துக்கு அந்தத் திட்டு தெரியாமல் மேக்கப் நானே போட்டுவிடுகிறேன் என்றும் சொல்லிவிட்டேன்.

கட்டணம் அடக்கமா தனியா என்பதில் இன்னும் முடிவுக்கு வரவில்லை. இப்போதைக்குப் படிவத்தில் இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்: "உங்கள் டச்-அப் கட்டாயம் இந்தத் தேதிக்கும் இந்தத் தேதிக்கும் இடையில் செய்யப்படும். பென்சில் இல்லாமல் வரவும். தேதி கடந்தால் கலர் ரிஃப்ரெஷ் கட்டணம் பொருந்தும்."

---

ஊசிமுனை:

நன்றாக இருக்கிறது. "கட்டாயம் செய்யப்படும்" என்பதை மட்டும் எடுத்துவிட்டு "தோலைப் பார்த்தபின், தேவையான இடத்தில் மட்டும் செய்யப்படும்" என்று மாற்றுங்கள். மைக்கோல் சொன்ன மாதிரி எதுவும் போடாமல் அனுப்பும் நாள் வரும்போது அந்த வரி கையில் இருக்க வேண்டும்.