அணையின் கரையோரத் தண்ணீரில் குத்தகை வலை: தூண்டில்காரர்கள் கண்டவை

கோபிசெட்டிபாளையத்திலிருந்து:

அணையின் மீன்பிடி உரிமையைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் கரையோரத் தண்ணீரிலும் இனி வலை விரிக்கலாம் என்ற பேச்சு எழுந்ததிலிருந்து, தூண்டிலோடு அலைகிற நாங்கள் ஒருவரையொருவர் சந்திக்கும்போதெல்லாம் இதையேதான் பேசுகிறோம். நான் கண்ணால் கண்டதை எழுதுகிறேன். யாரையும் அடையாளம் காட்டுவது என் நோக்கமில்லை என்பதால் அணையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதத்தில், மேற்கே மலையில் மழை பிடித்து அணைக்குப் புதுத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கோடையில் ஆடுமாடுகள் மேய்ந்த புல்தரை முழங்கால் ஆழத்துக்கு முழுகியிருந்தது. அந்தப் புல்லுக்கும் அதிலிருந்து மிதந்து வருகிற பூச்சி புழுக்களுக்கும் மீன் ஏறி வரும் என்பது தூண்டில் போடுகிற எவருக்கும் தெரியும். விடியற்காலையில் தக்கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோது, சற்றுத் தள்ளிக் குங்குமத்தைக் கரைத்து ஊற்றியது போன்ற ஒரு செம்மை, கூடைவாய் அகலத்தில், மெல்ல நகர்ந்து வந்தது. அவை விரால் குஞ்சுகள். நூற்றுக்கணக்கில் ஒன்றாகத் திரண்டு, மூச்செடுக்க மேலே வருவதும் அமிழ்வதுமாக இருந்தன. அடியில் பெரிய விரால் இரண்டு காவல் சுற்றின. "குஞ்சோட இருக்கற விராலுக்கு முள்ளு போடக் கூடாது கண்ணு, அது பாவம்" என்று என் அப்பச்சி சொல்லி வளர்த்திருக்கிறார். தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விட்டேன்.

எட்டு நாள் கழித்துப் போனபோது, அதே இடத்தை வளைத்து, கரையிலிருந்து கல்லெறி தூரத்துக்குள், என் சுண்டுவிரல் நுழையாத சன்னக் கண்ணி வலை போட்டிருந்தார்கள். பரிசலில் இருந்த கூடையில் இரண்டு விரால்கள் கிடந்தன. எடைக்கு உதவாது என்று உதறிய பொடிமீன்கள் கரை நெடுகக் காய்ந்துகொண்டிருந்தன. அவை நான் பார்த்த அதே விரால்கள்தாம் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அந்தக் குஞ்சுத் திரளை அதன் பிறகு நான் காணவில்லை.

ஆழத் தண்ணீரும் கரையோரமும் ஒன்றல்ல என்பதைத்தான் நான் மீண்டும் மீண்டும் சொல்ல விரும்புகிறேன். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வெள்ளம் ஓடுகிற ஆற்றில் முட்டையிடுபவை. தேங்கிய தண்ணீரில் தாமாகப் பெருகுவதில்லை. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் மீன்வள அறிவியலாளர் ஹிராலால் சௌத்ரி, மீன் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி வழியே செலுத்தி இந்த வகைக் கெண்டைகளை முட்டையிடச் செய்ததன் பயனாகத்தான் பண்ணைகளில் குஞ்சு பொரித்து, விரல் நீள விரலிகளாக்கி, அணைகளில் கொண்டுவந்து விட முடிகிறது. விட்ட மீனை ஆழத்தில் வலை போட்டு எடுப்பதில் எங்களுக்கு எந்த வழக்கும் இல்லை, விதைத்தவர் அறுக்கட்டும். கரையோரத்து விராலையும் பொடிக்கெண்டையையும் யாரும் கொண்டுவந்து விதைக்கவில்லை. அவை இந்தப் புல்லிலும் சேற்றிலும் தாமே பெருகுகின்றன. விரால் தானே கூடு கட்டித் தானே காவலும் காக்கிறது. 1952இல் வெளிநாட்டிலிருந்து வந்த ஜிலேபிக் கெண்டைகூட, ஆண் மீன் ஆழமில்லாத தரையில் குழி பறிக்க, பெண் மீன் முட்டைகளை வாயில் வைத்துக் காத்துப் பெருகுகிறது. ஜிலேபி குறைந்தால் நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. சன்னக் கண்ணி வலை ஜிலேபியை மட்டும் பொறுக்கி எடுப்பதில்லை.

பவானியிலிருந்து:

என் தகப்பனார் பரிசலில் வலை போட்டுத்தான் எங்களைப் படிக்க வைத்தார். அதனால் வலைக்காரர்களை எல்லாம் ஒரே கணக்கில் வைத்துப் பேசுகிறபோது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பெருங்கண்ணி வலையில் இரண்டு கிலோ கட்லா விழுந்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கும் அதுவே லாபம். பொடிமீனை அள்ளுவதில் அவருக்கு என்ன ஆசை இருக்க முடியும்? குத்தகைக் காலம் முடிகிற தறுவாயில், அடுத்த முறை வேறொருவர் கைக்குப் போய்விடும் என்ற நினைப்பில், கிடைத்ததையெல்லாம் வழித்தெடுக்கச் சொன்னது மேலே இருந்த குத்தகைதாரர்தான். கரையோரத்தில் வலை போடச் சொன்ன அன்று என் தகப்பனார் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு இரண்டு மாதம் கூலி வேலைக்குப் போனார். அப்போது கரையில் நின்று எங்களைத் திட்டிய ஒருவரிடம், "ஏனுங்க, உங்களுக்கு இது ஞாயித்துக்கெழம, எங்களுக்கு ஏழு நாளுங்க" என்று மட்டும் சொன்னார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அறுத்துவிட்டுப் போகிற தூண்டில் நரம்பு நீர்க்காகத்தின் காலில் சுற்றிக் கிடந்ததை நானே கத்தியால் அறுத்து விடுவித்திருக்கிறேன்.

உடுமலைப்பேட்டையிலிருந்து:

கடலில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டப்படி, கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது. அது மீறப்படுவதுண்டு என்றாலும், இவ்வளவு தூரம் சிறியவர்களுக்கும் குஞ்சுகளுக்கும் உரியது என்று எழுத்தில் இருப்பதால்தான் அங்கே நியாயம் கேட்க முடிகிறது. உள்நாட்டு நீர்நிலைகளுக்கு 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் வெடியையும் நஞ்சையும் தடுக்கிறது. வலைக் கண்ணியின் அளவுக்கு விதி வகுக்கவும் அதில் இடம் இருக்கிறது.

அமராவதி அணைக்குத் தண்ணீர் தருகிற பாம்பாறு, முதுகு திமில் போல உயர்ந்த காவிரிப் படுகை மஹ்சீர் மீன் வாழ்கிற ஆறு. அந்த இனத்தை 2018இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் மிக அருகிவிட்ட இனமாகப் பட்டியலிட்டது. கரையோரத்தைச் சாதாரணப் பொடிமீன்களின் இடம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

மீண்டும் கோபிசெட்டிபாளையத்திலிருந்து:

பவானி நண்பர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். வலைக்காரர் என்று பொதுவாகப் பேசுவதை விட்டுவிடுகிறேன். அறுந்த நரம்பைக் கையோடு எடுத்து வருவதை எங்கள் குழுவில் ஏற்கெனவே கட்டாயமாக்கியிருக்க வேண்டும். வரும் ஞாயிறு முதல் அப்படியே செய்வோம்.

ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை கொடுக்கப்போகும் மனுவில் ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. கரையிலிருந்து இவ்வளவு தூரம் என்று கல் நட்டு எல்லை வைக்கும்படி முதலில் எழுதியிருந்தோம். அது பயன்படாது. அணையின் கரை நிற்கிற இடத்தில் நிற்பதில்லை. 105 அடி கொள்கிற பவானிசாகரைப் போன்ற அணையில், தை மாதத்துக் கரை வைகாசி மாதத்தில் வெயிலில் வெடித்துக் கிடக்கும். ஆகவே அந்தத் தூரத்தை அன்றன்றைய தண்ணீர் விளிம்பிலிருந்து அளக்க வேண்டும் என்றும், புதுத் தண்ணீர் ஏறுகிற ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதங்களும் அந்தப் பட்டையில் வலையும் தூண்டிலும் இரண்டுமே கூடாது என்றும் மாற்றி எழுதுகிறேன். தூண்டிலையும் சேர்க்கத்தான் வேண்டுமா என்று குழுவில் இருவர் கேட்டார்கள். சேர்க்கத்தான் வேண்டும் என்பது என் முடிவு. பவானி நண்பரும் அவர் தகப்பனாரும் முதல் இரண்டு கையெழுத்துகளைப் போட்டால் மனுவுக்கு வலு கூடும். ஞாயிறு மாலை நானே வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன்.