ஆர்.வி. (வீட்டு வசதியுள்ள பயண வண்டி) ஓடும்போது ஃபிரிட்ஜ் கதவு திறந்துகொள்கிறது, என்ன செய்யலாம்?

தடம்தேடி:
வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவில் ஃபிஃப்த் வீல் டிரெய்லர் (பிக்கப் டிரக்கில் மாட்டி இழுக்கும் வீட்டு வண்டி) வைத்திருக்கிறேன். உள்ளே வீட்டு ஃபிரிட்ஜ்தான்: மேலே இரட்டைக் கதவு, கீழே ஃப்ரீஸர் டிராயர். இடப்பக்கச் சுவரில், கதவு வலப்புறம் பார்த்து நிற்கிறது. இடது திருப்பத்தில் கதவு திறந்து பாலும் பாட்டில்களும் தரைக்கு வந்துவிடுகின்றன. கைப்பிடி இரண்டையும் பஞ்சி கயிற்றால் (இழுபடும் ரப்பர் கயிறு) கட்டியும் நிற்கவில்லை. துளை போட்டுக் கொக்கி மாட்டலாமா?

நெடுஞ்சாலை:
ஃபிரிட்ஜில் மட்டும் துளை போடாதீர்கள். நிறைய மாடல்களில் கண்டென்சர் குழாய் (சூட்டை வெளியேற்றும் கேஸ் குழாய்) பக்கத் தகட்டை ஒட்டி உள்ளேயே ஓடும். ஸ்க்ரூ முனை பட்டால் கேஸ் போய்விடும், ஃபிரிட்ஜும் அதோடு போச்சு.

வீட்டு ஃபிரிட்ஜின் கதவைப் பிடித்திருப்பது கேஸ்கெட்டுக்குள் (கதவின் ஓரத்து ரப்பர் பட்டை) இருக்கும் காந்தப் பட்டைதான். ஆர்.வி.க்கென்றே வரும் டொமெட்டிக், நோர்கோல்ட் ஃபிரிட்ஜ்களில் தனியாகத் தாழ் உண்டு, உங்களுடையதில் இல்லை. வண்டி இடது பக்கம் திரும்பும்போது உள்ளே இருப்பதெல்லாம் வலது பக்கம், அதாவது கதவின்மேல் சாய்கிறது.

இரட்டைக் கதவு திறக்க வேண்டுமானால் இரண்டு கைப்பிடிகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகியாக வேண்டும். பஞ்சி இழுபடுவதால் விட்டுக்கொடுக்கிறது. அரை அங்குலம் திறந்தாலே குளிர் வெளியேறும். இழுபடாத 1 அங்குல நைலான் பட்டை, பக்கிள் வைத்தது, வாங்கி இறுக்கிக் கட்டுங்கள். கைப்பிடியைப் பிடித்திருக்கும் சின்ன ஆலன் ஸ்க்ரூ அதிர்வில் தளரும், அதையும் அவ்வப்போது முறுக்குங்கள்.

கருவிப்பெட்டி:
அந்தப் பட்டை மேல் கதவுகளுக்குத்தான். ஃப்ரீஸர் டிராயர் நேராக வெளியே வருவதால் அதற்குத் தனிப் பூட்டு வேண்டும். ஃபிரிட்ஜைச் சுற்றி மரச்சட்டம் இருந்தால் வேலை சுலபம்: சட்டத்தில் ஸ்க்ரூ போட்டு ஒரு வளையம், அதிலிருந்து டிராயர் கைப்பிடிக்கு ஒரு பட்டை. சட்டம் இல்லையென்றால் குழந்தைகளுக்காக விற்கும் ஒட்டுப் பூட்டு.

ஒட்டுப் பூட்டு பிய்ந்து வருவது பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்காலும் அவசரத்தாலும்தான். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு இரண்டு முறை துடையுங்கள், காய்ந்ததும் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பூட்டின் பின்னால் இருப்பது 3எம் விஎச்பி டேப் (பலமான இரட்டைப் பக்க ஒட்டு டேப்) என்றால், முழுப் பிடிப்புக்கு வர 72 மணி நேரம் ஆகும். 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஒட்டவே வேண்டாம்.

குளிர்பெட்டி:
பூட்டு இரண்டாவது வேலை. முதலில் சரக்கு கதவில் மோதாமல் பாருங்கள். ஒரு கேலன் பால் கிட்டத்தட்ட 8.6 பவுண்டு, அதைக் கதவுத் தட்டில் வைத்தால் கீல் தொங்கும், கேஸ்கெட் மூலை இடைவெளி விடும். கனமானதெல்லாம் அடித்தட்டில், பின்சுவரை ஒட்டி. ஒவ்வொரு தட்டின் முன்னும் ஸ்ப்ரிங் வைத்த குறுக்குக் கம்பி ஒன்று. காலி இடத்தில் துண்டைச் சுருட்டித் திணியுங்கள்.

கேஸ்கெட்டைச் சோதிக்க ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் அந்த இடம் பிடிக்கவில்லை. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரால் துடைத்து, மடங்கியிருக்கும் இடத்தை ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கினால் பழைய வடிவத்துக்கு வந்துவிடும்.

தடம்தேடி:
மிக்க நன்றி. குளிர்காலத்தில் வண்டியை நிறுத்திவைக்கும்போதும் பட்டை இருக்கலாமா?

குளிர்பெட்டி:
கூடாது. ஃபிரிட்ஜை அணைத்து, உள்ளே ஈரமில்லாமல் துடைத்து, கதவிடுக்கில் ஒரு துண்டை வைத்து இரண்டு அங்குலம் திறந்தே விடுங்கள். அணைத்த ஃபிரிட்ஜை மூடிவைத்தால் பூஞ்சை பிடிக்கும், அந்த நாற்றம் லேசில் போகாது.