எரித்ரைட் கல்லை வீட்டுக் கூடத்தில் வைக்கலாமா?

கல்பித்தன்_மதுரை:
மொராக்கோவின் பூ அஸ்ஸர் சுரங்கத்து எரித்ரைட் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் பழுப்புப் பாறை, அதன் ஒரு பிளவில் மட்டும் செந்நிறப் படிகங்கள். லென்ஸில் பார்த்தால் மெல்லிய தகடுகள் ஒரே புள்ளியிலிருந்து விசிறியாக விரிகின்றன. நுனியில் மாதுளை முத்தின் நிறம், தகடு தடிக்கிற இடத்தில் கருஞ்சிவப்பு. கோபால்ட் இவ்வளவு அழகாகச் சிவப்பதை நான் வேறெந்தக் கல்லிலும் பார்த்ததில்லை. வாங்கிக் கூடத்து ஷோகேஸில் வைக்க ஆசை. இது கோபால்ட் ஆர்சனேட், அதாவது ஆர்சனிக் உள்ள கனிமம் என்று நண்பர்கள் தடுக்கிறார்கள். தாராளமாக வைக்கலாம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

செல்வி_அவனியாபுரம்:
நான் மறுக்கிறேன் தம்பி. பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள், அதனால் சும்மா இருக்க முடியவில்லை. அந்தக் கனிமத்தின் எடையில் சுமார் கால் பங்கு ஆர்சனிக். கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் இது 1.5 முதல் 2.5 வரைதான், நகம் பட்டாலே கீறல் விழும். தகடு தகடாகப் பிளக்கும் குணம் வேறு. ஷோகேஸைத் துடைக்கும்போது தூள் உதிரும், தூள் விரலுக்குப் போகும், விரல் வாய்க்குப் போகும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இந்தக் கல் வேண்டவே வேண்டாம்.

கல்பித்தன்_மதுரை:
அக்கா, அது தண்ணீரில் அவ்வளவு சுலபமாகக் கரையாது. சும்மா இருக்கிற கல்லிலிருந்து ஆர்சனிக் ஆவியும் கிளம்பாது. கரித்துண்டில் வைத்து ஊதி நன்றாகச் சூடேற்றினால்தான் ஆர்சனிக்கின் பூண்டு வாடை வரும். நான் ஏன் அதை அடுப்பில் வைக்கப்போகிறேன்?

செல்வி_அவனியாபுரம்:
தண்ணீரில் கரையாது, சரி. அமிலத்தில் கரையுமே. நம் வயிற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். பிள்ளை விழுங்கிய துணுக்கு அங்கே என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

மேலூர்க்காரன்:
எனக்கு ஆர்சனிக்கைவிட வேறொன்று உறுத்துகிறது. எங்கள் பக்கம் டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று ஊர் ஊராகத் திரண்டு நின்றோம். 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது. அரிட்டாபட்டியை அப்படிக் காப்பாற்றிவிட்டு, இன்னொரு ஊரின் சுரங்கக் கல்லை அலங்காரத்துக்கு வாங்க எனக்கு மனசு வரவில்லை. நம் பக்கத்துக் கல்லுக்கு என்ன குறை? கெங்குவார்பட்டிப் பகுதிப் பாறைகளில் இருக்கிற சஃபிரின் என்ற கனிமம் உலகமெங்கும் புவியியல் படிப்பவர்களுக்குத் தெரியும். அது எரித்ரைட் மாதிரி பளிச்சென்று இருக்காது. ஆனால் கடினமான கல், விஷமில்லை, நம் மண்ணின் கதையைச் சொல்லும்.

கல்பித்தன்_மதுரை:
அரிட்டாபட்டி விஷயத்தில் நானும் உங்கள் பக்கம்தான் அண்ணே. ஆனால் பூ அஸ்ஸரில் யாரும் எனக்காகக் குழி தோண்டவில்லை. கோபால்ட்டையே முதன்மையாக எடுக்கிற சுரங்கங்கள் உலகில் மிகக் குறைவு, அதில் அது ஒன்று. யாரும் எடுத்து வைக்காவிட்டால் இந்தப் படிகம் அரவை எந்திரத்துக்குப் போய் உலோகமாகிவிடும். சேகரிப்பவன் வாங்குவதால்தான் ஒரு துண்டாவது முழுதாகப் பிழைக்கிறது.

மேலூர்க்காரன்:
பிழைக்கிறது என்பது சரி. விலை கிடைக்கிறது என்பதற்காகவே ஆபத்தான பழைய குழிகளுக்குள் ஆள் இறங்குவதும் நடக்கும். கல்லை விற்கிறவர் எப்படி எடுத்தார்கள் என்று சொல்கிறாரா? அதைக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

திருநகர்_சேகரிப்பு:
இது வெறும் அலங்காரக் கல் இல்லை என்பதையும் சேர்த்துப் பேசுவோம். கோபால்ட் தாது காற்றும் நீரும் பட்டுச் சிதையும்போது மேலே பூக்கிற சிவப்பு இது. பாறையில் இந்த நிறத்தைக் கண்டால் உள்ளே கோபால்ட் இருக்கிறது என்று சுரங்கக்காரர்கள் தெரிந்துகொள்வார்கள். கனடாவின் ஒன்டாரியோவில் 1903இல் வெள்ளி கிடைத்த இடத்துக்குக் கோபால்ட் என்றே ஊர்ப்பெயர் வைத்தார்கள். அங்கே வெள்ளியும் கோபால்ட்டும் சேர்ந்தே கிடந்ததால், பாறைமேல் இந்தச் சிவப்புப் பூச்சைத் தேடி வெள்ளி நரம்பைப் பிடித்தவர்கள் உண்டு. ஜெர்மனியின் ஷ்னீபெர்க் மாதிரிகள் பழைய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. கோபால்ட் போய் நிக்கல் ஏறினால் இதே அமைப்பு பச்சையாகிவிடும், அதற்கு அன்னபெர்கைட் என்று பெயர். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் ஒரு வகுப்பே நடத்தலாம். விஷம் என்று ஒதுக்கினால் கனிமவியலில் பாதியை ஒதுக்க வேண்டியிருக்கும்.

ஆவணிமூலவீதி_பட்டறை:
வைப்பதா வேண்டாமா என்பது அப்புறம். முதலில் அது எரித்ரைட்தானா? அதே பூ அஸ்ஸரிலிருந்து கோபால்ட் ஏறிய கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமமும் வருகிறது, அதுவும் நல்ல ரோஜா நிறம். வித்தியாசம் உருவத்தில் தெரியும்: கால்சைட் சாய்சதுரக் கட்டிகளாக நிற்கும், எரித்ரைட் ஊசியும் தகடுமாக இருக்கும். சந்தேகமென்றால் உதிர்ந்த துணுக்கை இடுக்கியால் எடுத்து ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் கால்சைட். நகத்தால் கீறிப் பார்க்கும் சோதனை இந்தக் கல்லுக்கு வேண்டாம், செல்வி அம்மா சொன்ன காரணம்தான். படிகத்தின் அடியில் பசை மினுங்குகிறதா என்றும் லென்ஸில் பாருங்கள். உடைந்த தகடுகளை ஒட்டி விற்பது உண்டு. சுரங்கத்தின் பெயர் எழுதிய சீட்டு கூடவே வர வேண்டும். சீட்டு இல்லாத கல்லை நான் தொடமாட்டேன்.

கல்பித்தன்_மதுரை:
சீட்டு இருக்கிறது. வடிவமும் தகடுதான். எப்படி எடுத்தது என்று நாளைக்கே விற்கிறவரிடம் கேட்கிறேன், பதில் சரியில்லை என்றால் வாங்கமாட்டேன். வாங்கினால் மூடியுள்ள அக்ரிலிக் பெட்டியில் வைத்து, ஆர்சனிக் என்று தமிழில் எழுதி ஒட்டி, ஷோகேஸைப் பூட்டிவிடுகிறேன். கூடத்தில்தான் வைப்பேன். பார்க்கத்தானே வாங்குகிறோம்?

செல்வி_அவனியாபுரம்:
பெட்டியும் பூட்டும் நல்லது. தொட்டால் உடனே கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், தூசியைத் துணியால் துடைக்கவோ வாயால் ஊதவோ வேண்டாம். கூடத்துக்கு இன்னும் என் சம்மதம் இல்லை தம்பி, பெரியவர்கள் மட்டும் திறக்கிற பீரோவில் வையுங்கள். பள்ளிக் கண்காட்சிக்குக் கொண்டுபோவதாக இருந்தால் பெட்டியைத் திருகாணி போட்டு மூடிக்கொண்டு போங்கள். அங்கே ஒவ்வொரு பிள்ளையும் எடுத்துத் தொட்டுப் பார்க்கும்.